சுவருக்குள் போன திட்டு

எண்ணூர்க் கழிமுகத்தின் தென்கரையில், காத்திவாக்கத்தைத் தாண்டி, ஒரு குருசடி இருக்கிறது. சிலுவை வைத்த சின்னக் கோயில். உள்ளே நான்கு பேர் மண்டியிட்டால் ஐந்தாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். இன்று அது வெள்ளை வெளேரென்று இருக்கிறது. ரயிலில் பாலத்தைக் கடக்கும்போதே கண்ணில் படும். அதைப் புதுப்பித்தவன் நான். அதன் சுவர்களில் பூசியிருப்பது, எதிரே தண்ணீருக்குள் இருந்த சிப்பித் திட்டு. இப்போது அந்தத் திட்டு இல்லை. திட்டு போனதால் என் தங்கையின் கணவர் தன் இடத்தை இழந்தார். இதைக் கடைசியில் சொல்லலாம் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். பல காலம் ஒளித்து வைத்துப் பழகிவிட்டதால், முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது.

நான் ராயபுரத்துக்காரன். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். என்னைப் பொறியியல் படிக்க வைத்தார். ரயில்வேயில் பாலங்கள் பிரிவில் சேர்ந்து, அதிலேயே ஓய்வு பெற்றேன். ஆற்றுப் பாலங்களின் தூண்களைக் காப்பாற்றுவது என் வேலை. ஓடுகிற தண்ணீர் தூணின் காலடி மண்ணை அரித்துக்கொண்டே இருக்கும். அரிப்பைத் தடுக்கத் தூணைச் சுற்றிக் கருங்கல்லைக் குவியலாகக் கொட்டி வைப்போம். பார்க்கிறவர்களுக்கு யாரோ போட்டுவிட்டுப் போன கல் மாதிரி இருக்கும். ஒருமுறை ஒரு காண்டிராக்டர் அந்தக் கல்லை அள்ளிக்கொண்டு போய்ப் பாதை போட்டுவிட்டான். அவனைக் கூப்பிட்டு, "இது சும்மா கிடக்கிற கல் இல்லை, பாலத்தோட கால்" என்று கத்தினேன். பிறகு அவனுக்கு எங்கள் பிரிவில் வேலையே கிடைக்காமல் செய்தேன். இந்த விஷயத்தை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று யாரும் எனக்காகப் பேசக் கூடாது.

தங்கையைக் காத்திவாக்கத்தில் ஒரு மீனவக் குடும்பத்தில் கொடுத்தோம். எங்கள் தாத்தாவும் வலை போட்டவர்தான் என்பதால் அப்பாவுக்கு அதில் தயக்கம் இல்லை. மாப்பிள்ளை நல்ல மனிதர். வாய் அதிகம். என்னை எங்கே பார்த்தாலும், "இதோ வந்துட்டாருபா எம் மச்சான், இவரு தட்டிப் பாத்தா இரும்பே பேசும்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வார். தங்கை இறந்த பிறகும் அந்த உறவு குறையவில்லை. அவர் மகன் மாத்தூரில் வீடு எடுத்து, மணலியில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அப்பாவைத் தன்னோடு வந்துவிடும்படி ஒவ்வொரு வாரமும் கூப்பிடுவான். இவர் போகமாட்டார். "எம் பாடு இங்க கீது. அங்க வந்து இன்னாத்த புடிப்பேன், லாரியவா?" என்பார்.

பாடு என்றால் முறை. கழிமுகத்தில் எல்லோரும் எல்லா நாளும் வலை போட முடியாது. இன்ன நாள் இன்ன வீட்டுக்கு என்று ஊர் பிரித்து வைத்திருக்கிறது. அந்த முறை வந்த வீட்டுக்காரர் மட்டும், சிப்பித் திட்டுக்குப் பின்னால் இருந்த அசையாத தண்ணீரில் வலை கட்டுவார். இறாலும் மடவையும் ஓட்டத்துக்குப் பயந்து அங்கேதான் ஒதுங்கும். எத்தனை தலைமுறையாக என்று எனக்குத் தெரியாது. யாரும் எழுதி வைக்கவில்லை. முறை இருக்கிறவர் ஊர்க்காரர். முறை இல்லாதவர் அங்கே குடியிருப்பவர், அவ்வளவுதான்.

அந்தத் திட்டு செத்த சிப்பிகளால் ஆனது. உயிரோடு இருந்தவை அனல்மின் நிலையத்திலிருந்து வரும் சுடுதண்ணீரிலும் சாம்பலிலும் எப்போதோ போய்விட்டன. ஓடுகள் மட்டும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, நீருக்கடியில் நீளமாக ஒரு முதுகு மாதிரி கிடந்தன. தண்ணீர் வற்றும்போது அந்த முதுகு வெளியே தெரியும். அதன்மேல் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து உட்கார்ந்திருக்கும். மேல் ஓடுகளில் சாம்பல் படிந்து அது சிமெண்ட் நிறத்தில் இருந்தது.

கழிமுகத்தின் ஓரமாக ஒரு சரக்குச் சாலை வரப்போகிறது என்ற பேச்சு வந்தபோது, அந்தக் கரையைக் காப்பாற்ற எங்களில் சிலர் சேர்ந்தோம். ஓய்வு பெற்றவர்கள், கல்லூரி ஆசிரியர்கள், பறவைகளைப் படம் எடுக்கிறவர்கள். சேற்றையும் உப்பங்கழியையும் காட்டி இது பழைமையான கரை என்று சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை. கட்டடம் இருந்தால் கேட்பார்கள். அந்த யோசனையைச் சொன்னவன் நான். குருசடியைப் பழையபடி நிறுத்திவிட்டால், அதைச் சுற்றியிருக்கிற கரையையும் சேர்த்து எவனும் தொட முடியாது என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

குருசடியின்மேல் யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். உப்புக் காற்றில் அது பொரிப்பொரியாக உதிர்ந்துகொண்டிருந்தது. சிமெண்டைத் தட்டி எடுத்தபோது உள்ளே பழைய சுண்ணாம்புப் பூச்சு தெரிந்தது. அதில் அரைபடாத சிப்பித் துண்டுகள் இருந்தன. ஒரு துண்டைப் பெயர்த்து, திட்டிலிருந்து எடுத்த ஓட்டோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஒரே சிப்பி. கட்டியவர்கள் எதிரே இருந்ததையே எடுத்துச் சுட்டிருக்கிறார்கள். அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வேறு யாருடையதோ போல இருக்கிறது. கிளிஞ்சல் சுண்ணாம்பு வெளியிலிருந்து லாரியில் வரும், நல்ல சுண்ணாம்புதான் என்று கொத்தனார் சொன்னார். முடியாது, இந்த இடத்துச் சிப்பியேதான் வேண்டும் என்றேன். புதுப்பிப்பது என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன்.

ஊரைக் கேட்காமல் திட்டில் கை வைக்க முடியாது. மாப்பிள்ளை எனக்காக ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசினார். நான் பக்கத்தில் நின்றேன்.

"கோயில் நம்பளுதுதானே. செவுரு ஒதுந்துகினு கீது. எம் மச்சான் செஞ்சி தரேன்றாரு. கொஞ்சம் சிப்பி வோணும், அவ்ளோதான்."

கூடையோடு மீன் விற்கப் போகிற அம்மாள் ஒருவர் ஓரத்திலிருந்து, "கோயிலுக்கு வெள்ள அடிக்க ஆத்தையே அள்ளப் போறியாய்யா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"த, சும்மா இரு. செத்த சிப்பிதானே. கறி வச்சி துன்னப் போறியா அத்த?" என்றார் மாப்பிள்ளை.

ஊர்ப் பெரியவர் என்னைப் பார்த்தார். "எவ்ளோ சார் எடுப்பீங்க?"

"மேலாகத்தான்" என்றேன்.

"கேட்டுக்க. மேலாகத்தான். எம் மச்சான் பாலத்துக்கே கணக்கு போட்ட ஆளு, சொன்னா சொன்னதுதான். நான் சொல் குட்கறேன்" என்றார் மாப்பிள்ளை.

சொல் கொடுப்பது என்பது அந்த ஊரில் விளையாட்டு இல்லை. வெளியாள் ஒருவர் ஊரின் பொதுச் சொத்தில் கை வைத்தால், அவருக்காக ஊர்க்காரர் ஒருவர் சொல் கொடுக்க வேண்டும். தவறு நடந்தால் சொல் கொடுத்தவரின் முறை நிற்கும். தவறு செய்தவர் தானே கூட்டத்துக்கு வந்து தன் வாயால் சொல்லும்வரை அது நின்றே இருக்கும். இதைத் தங்கை ஒருமுறை சிரித்துக்கொண்டே எனக்குச் சொல்லியிருக்கிறாள். ஆகவே இதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

மேலாகத்தான் எடுத்தோம், முதலில். கரையிலேயே ஒரு காளவாய் கட்டி, சிப்பியையும் கரியையும் மாற்றி மாற்றி அடுக்கிச் சுட்டார்கள். தண்ணீர் ஊற்றி நீற்றிப் பார்த்தால் சுண்ணாம்பு சாம்பல் நிறத்தில் வந்தது. மேல் ஓடுகளில் படிந்திருந்த சாம்பல் எவ்வளவு கழுவியும் போகவில்லை. கொத்தனார், "இருந்துட்டுப் போவுது சார், மேல வெள்ள அடிச்சிக்கலாம்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பழைய பூச்சு முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக இருந்தது. திட்டின் அடியில் சாம்பல் படாத ஓடுகள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கடப்பாரை போட்டு நடுவில் தோண்டச் சொன்னேன். தோண்டினால் வெள்ளை ஓடுகள் கொத்துக்கொத்தாக வந்தன. படகுப் படகாகக் கரைக்கு வந்து இறங்கின. மாப்பிள்ளைதான் ஆட்களை வைத்து அள்ளிக் கொடுத்தார்.

ஒரு நாள் அவர் கேட்டார். "மச்சான், மேலாகன்னு சொன்னோம். நடுவுல கை வச்சிட்டோமே."

"ஓரத்தை விட்டுவிட்டுத்தானே எடுக்கிறோம் மாப்ளே. ஒன்றும் ஆகாது."

"நீ சொன்னா சரி."

அவ்வளவுதான் பேச்சு. ஓடுகிற தண்ணீரின் குறுக்கே கிடந்த குவியல் அது. அந்தக் காண்டிராக்டரிடம் கத்தியவன்தான் அங்கே நின்று கடப்பாரை போடச் சொன்னான். அந்த நேரத்தில் பாலமோ கல்லோ என் நினைவுக்கு வந்ததா என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். வரவில்லை என்றால் மூடன். வந்திருந்தால் அதைவிட மோசம். எது என்று இப்போது எனக்கே உறுதியாகத் தெரியவில்லை.

கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சாந்து கண்ணாடி மாதிரி படிந்தது. பங்குச் சாமியார் வந்து மந்திரித்தார். இந்து வீட்டுக்காரர்கள் தேங்காய் உடைத்தார்கள். எனக்குப் பொன்னாடை போட்டார்கள். கூட்டத்தில் உரக்கக் கைதட்டியது மாப்பிள்ளைதான்.

மழைக்காலம் வந்தது. ஆற்றில் வெள்ளம் இறங்கியபோது திட்டு நடுவில் இரண்டாக உடைந்தது. முதலில் ஒரு வாய்க்கால் அளவுக்கு வழி, பிறகு ஒரு லாரி போகிற அளவுக்கு. இரண்டு பக்கமும் மிச்சமிருந்ததையும் தண்ணீர் தின்றுவிட்டது. மழை நின்று நான் போய்ப் பார்த்தபோது திட்டு இருந்த இடத்தில் ஓட்டம் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்த அசையாத தண்ணீர் எங்கேயும் இல்லை. வலை கட்டும் கழிகளை வெள்ளம் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. வெள்ளைக் குருசடி எந்தச் சேதமும் இல்லாமல் நின்றது. பூச்சில் ஒரு விரிசல்கூட இல்லை. தடவிப் பார்த்தேன். வேலை நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

சாலைத் திட்டத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் அதற்குப் பிறகு வந்தது. ஷாமியானாப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், நுழைவாயிலில் மோர். எங்கள் தரப்பில் பேச என்னைத்தான் நிறுத்தினார்கள். நன்றாகப் பேசினேன். இந்தக் கரை எவ்வளவு பழையது, இந்தத் தண்ணீரை ஊர் எப்படி முறை வைத்துக் காத்து வந்தது, சாலை வந்தால் என்ன ஆகும் என்று வரிசையாகச் சொன்னேன். அப்போது சாலை போடவிருந்த நிறுவனத்தின் பக்கத்திலிருந்து இளைஞர் ஒருவர் எழுந்தார். மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"ஐயா, அந்தச் சிப்பித் திட்டு இந்த மழையில உடைஞ்சிருக்கு. எங்க சாலை இன்னும் வரவே இல்லை. அதுலேர்ந்து சமீபத்துல யாராவது ஏதாவது எடுத்தாங்களா? நீங்க இஞ்சினியர். நீங்களே சொன்னா சரியா இருக்கும்."

நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன்மேல் போட்டிருந்த பஞ்சு கிழிந்து, ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். அது மஞ்சள் நிற ரப்பர் பேண்ட்.

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "கோயிலாண்ட போயி செவுத்த தடவிப் பாரு சார், தெரியும்!"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. "ஐயாவ எதுக்குடா கேக்கற, பொன்னாடைய கேளு" என்று இன்னொரு குரல்.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். அவரிடம் மைக் இல்லை. தேவையும் இல்லை. "இன்னாத்துக்கு அவர கேக்கற? நான்தான் ஆள் வச்சி அள்ளுனேன். கோயில் வேலைக்குன்னு நான்தான் நடுவுல கை வச்சேன். அவரு ராயபுரத்துல கீறாரு, அவருக்கு இன்னா தெரியும்? வுடு, அவர பேச வுடு."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது ஒரு வாக்கியம் போதும். "தோண்டச் சொன்னது நான்" என்றால் முடிந்திருக்கும்.

"அடுத்த விஷயத்துக்கு வருகிறேன்" என்றேன். அடுத்த விஷயத்துக்கு வந்தேன்.

சாலை நின்றுபோனது. எங்கள் பேச்சால் நின்றதா, அவர்களுக்கே வேறு வழி கிடைத்ததா, தெரியவில்லை. எங்கள் ஆட்கள் என்னால்தான் என்றார்கள். நான் மறுக்கவில்லை.

ஊர்க் கூட்டத்தில் மாப்பிள்ளையின் முறையை நிறுத்தினார்கள். மேலாக என்று சொல் கொடுத்தார், நடுவில் கை வைத்ததைத் தன் வாயாலேயே பொதுக் கூட்டத்தில் ஒப்புக்கொண்டார். பெரியவருக்கு உண்மை தெரியாமல் இல்லை. எல்லோரும் பார்க்கத்தானே நான் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் தெரிவது வேறு, வந்து சொல்வது வேறு. நான் போய்ச் சொல்லும்வரை முறை திரும்பாது.

நான் போகவில்லை. என்னிடம் ஒரு நியாயம் இருந்தது. நான் ஒப்புக்கொண்டால் அது வெளியே போகும், கரையைக் கெடுத்ததே கரையைக் காப்பாற்ற வந்தவர்கள்தான் என்று எழுதுவார்கள், சாலை மறுபடி வரும். நியாயம் பொய் இல்லை. ஆனால் எனக்கு அது வசதியாக இருந்தது. பொன்னாடையையும் சேர்த்தே அது காப்பாற்றியது.

மாப்பிள்ளை என்னை ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நாள் ஊரிலேயே இருந்து பார்த்தார். மற்றவர்கள் கிடைத்தவரை போதும் என்று முறைக்குப் போகும்போது இவர் குருசடி நிழலில் உட்கார்ந்திருப்பார். பிறகு படகை விற்றுவிட்டு மாத்தூருக்குப் போனார்.

அந்தக் காலத்தில் ஞாயிறுதோறும் நான் ஆட்களை அழைத்துக்கொண்டு அந்தக் கரையில் நடப்பேன். பழைய இடங்களைக் காட்டும் நடை அது. தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகச் சின்ன வயதுக்காரர்கள் வருவார்கள். குருசடிச் சுவரைத் தொட்டுப் பார்த்து, "எவ்வளவு வழவழன்னு இருக்கு" என்பார்கள். தண்ணீரைக் காட்டி, "இங்கே ஒரு சிப்பித் திட்டு இருந்தது" என்பேன். எப்படிப் போனது என்று ஒவ்வொரு வாரமும் ஒருவராவது கேட்பார். முகத்துவாரத்தை ஆழப்படுத்தினார்கள், ஓட்டம் மாறியது, சாம்பல் மூடியது என்று சொல்வேன். ஒவ்வொன்றும் உண்மை. எல்லாம் சேர்ந்தால் பொய். சொல்லச் சொல்ல அது வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்டது. சொல்லும்போது நெஞ்சில் ஏதாவது உறுத்தியதா என்று கேட்டால், இல்லை. மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

மாத்தூருக்கு எப்போதாவது போவேன். மூன்றாவது மாடி. பால்கனியில் இருந்து பார்த்தால் மணலிப் புகைபோக்கிகள். மருமகள் காப்பி வைத்துக் கொடுப்பாள். ஒரு நாள் நான் போனபோது மாப்பிள்ளை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் குடங்களோடு கீழே நின்றிருந்தார். தண்ணீர் லாரி வரவேண்டிய நேரம்.

"வா மச்சான். குந்து. லாரி வர்ற நேரம், வுட்டுட்டு வர முடியாது."

"பையன் வந்து பிடிக்கமாட்டானா?"

"அவன் வேலைக்கி போயிட்டான். இங்கயும் முற வச்சிகீறாங்க மச்சான். ஒரு மாடிக்கு ஒரு நாளு. இன்னிக்கி எங்க மாடி." பக்கத்தில் குடத்தோடு நின்றிருந்த பெண்ணைக் காட்டி, "இந்தம்மா ரெண்டாவது மாடி. நேத்தே அவுங்க பாடு முடிஞ்சிபோச்சி. இன்னிக்கி வந்து நைசா நிக்கிது" என்றார்.

"போ தாத்தா, உனுக்கு வேற வேல இல்ல" என்றாள் அந்தப் பெண்.

"வேற வேல இல்லதான். அதுக்குத்தானே நிக்கறேன்." அவர் சிரித்தார். லாரி வந்தது. குழாயை அவர் கையில்தான் முதலில் கொடுத்தார்கள். குடம் நிரம்புவதை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒரு குடத்தைத் தூக்க முயன்றேன். விடவில்லை. "உன் இடுப்புக்கு இதெல்லாம் ஆவாது" என்று தானே தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். என்னைவிடச் சில வயதுதான் சின்னவர்.

அன்று திரும்பி வரும்போது பேருந்தில் எதையும் தீர்மானித்ததாக நினைவில்லை. ஆனால் அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போனேன்.

போய் நின்றபோது எனக்கு நாற்காலி கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்றேன். "மேலாக எடுப்பதாகச் சொன்னது நான். நடுவில் தோண்டச் சொன்னதும் நான்தான். சுண்ணாம்பு வெள்ளையாக வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். தோண்டினால் திட்டு நிற்காது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் மாப்பிள்ளை என் பேச்சைக் கேட்டுத்தான் செய்தார். பந்தலில் அவர் எழுந்து பேசியபோது நான் வாயை மூடிக்கொண்டேன்." இவ்வளவுதான் சொன்னேன். மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

பிறகு பெரியவர், "இத்த அன்னிக்கே மைக்ல சொல்லியிருந்தா ஷோக்கா இருந்திருக்கும் சார்" என்றார்.

"சொல்லியிருந்தால் ரோடு வந்திருக்கும்."

"அதுவும் சரிதான்." அவர் தண்ணீரைப் பார்த்தார். "இப்ப ரோடும் இல்ல. திட்டும் இல்ல."

கூடை அம்மாளும் அங்கே இருந்தார். "வெள்ளையா வோணும்னு கேட்டியாமே" என்றார் என்னிடம். "நல்லாத்தான் கீது. ரயில்ல வர்றப்பவே தெரியுது." அவர் கிண்டலாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

என்மேல் யாராவது கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். அதற்கும் தயாராகத்தான் போனேன். யாரும் கோபப்படவில்லை. "முறைய திருப்பி குட்த்துட்டோம். வந்து வல போடச் சொல்லு" என்றார் பெரியவர். அடுத்து, தெருவிளக்கு எரியாத விஷயத்தைப் பேச ஆரம்பித்தார்கள்.

மாப்பிள்ளையிடம் போய்ச் சொன்னேன். "நீ போயி சொன்னியா? மெய்யாலுமா?" என்று கேட்டார். பிறகு, "இன்னா மச்சான் நீ, வயசான காலத்துல பேஜாரு புடிச்சிகினு" என்றார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். முறை எந்த நாள் என்று உடனே விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார்.

அவருடைய நாளில் நானும் போனேன். விடிந்திருந்தது. சொந்தப் படகு இல்லாததால் வேறு ஒருவரின் படகைக் கேட்டு வாங்கியிருந்தார். மாத்தூர் பால்கனியில் சுருட்டி வைத்திருந்த வலையை ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்திருந்தார். நான் குருசடிப் படியில் உட்கார்ந்தேன். அவர் பழைய இடத்துக்குப் போய்க் கழி நட்டார். ஓட்டம் கழியைச் சாய்த்தது. நிமிர்த்தினார். மறுபடி சாய்த்தது. வேறு கழியை முட்டுக் கொடுத்து எப்படியோ வலையைக் கட்டினார். காற்றுப் பிடித்த பாய் மாதிரி வலை ஓட்டத்தில் உப்பி நின்றது. அனல்மின் நிலையத்தின் பக்கத்திலிருந்து மெல்லிய சாம்பல் வந்து என் சட்டையில் விழுந்துகொண்டிருந்தது. தட்டிவிடத் தோன்றவில்லை.

வெயில் ஏறிய பிறகு வலையைத் தூக்கினார். சாம்பல் சேறு, பிளாஸ்டிக் பை, விரலளவு கெழுத்திக் குஞ்சுகள் கொஞ்சம். குஞ்சுகளைத் தண்ணீரிலேயே விட்டார். வலையை அலசிப் படகில் போட்டுக்கொண்டு கரைக்கு வந்து, என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். சுவரைக் கையால் தட்டினார்.

"மச்சான், ஒண்ணு கேக்கறேன். இந்த செவுத்த இடிச்சி, திருப்பி அங்கயே கொட்டிட்டா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கு மட்டும் கணக்குப் போடும் பழக்கம் போகவில்லை. சுட்ட சுண்ணாம்பு சுவரில் காற்றைக் குடித்துக் குடித்து மறுபடி சிப்பி இருந்த அதே கல்லாகத்தான் மாறும். பொருள் ஒன்றுதான். ஆனால் ஓட்டத்தில் கொட்டினால் ஒரு மழைக்குத் தாங்காது. ஓடு ஓட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதுபோல் அது நிற்காது.

"நிற்காது மாப்ளே" என்றேன்.

"தெரியும். சும்மா கேட்டேன்."

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். பாலத்தின்மேல் ஒரு சரக்கு ரயில் போனது. அது முழுக்கப் போய் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஏதாவது கேட்க வேண்டுமே என்று, அடுத்த முறை எப்போது வரும் என்று கேட்டேன்.

"முன்னெல்லாம் எல்லா வூடும் சுத்தி வர ரொம்ப நாளாவும்" என்றார் அவர். "இப்ப பாதி வூட்டுக்காரன் வல போடறதே இல்ல. சீக்கிரம் வந்துரும் மச்சான்."